இனிப்பு மணக்குமா?



சமையலறையிலே உள்ள சீனிப் போத்தலைத் திறந்து முகர்ந்து பார்த்தால் யாதொரு மணமும் வருவதில்லை. வெண்சீனி நாவிற்கு எத்துணை இனிப்பானதாயினும் மூக்கிற்கு அது கூறும் செய்தி ஏதுமில்லை. அதே சீனியில் இரண்டு கரண்டி எடுத்துச் சட்டியில் இட்டு அடுப்பில் ஏற்றினாலோ, சற்று நேரத்தில் வீடு முழுவதும் இனிய மணம் பரவுகின்றது. விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அடுக்களை வாயிலில் வந்து நிற்கின்றனர். முன்பு மணமின்றிக் கிடந்த பொருளுக்கு இப்பொழுது மணம் எங்கிருந்து வந்தது? நாவினால் மட்டுமே அறியத்தக்க இனிப்பை மூக்கு எவ்வாறு அறிந்துகொண்டது? இன்றைய பேச்சு இவ்வினாவிலிருந்து தொடங்கி, ஒரு வாசனைத் திரவியத்தின் இயல்பை ஆராய்வதிற் சென்று முடியும்.

மணம் என்பது பறந்து வருவது. ஒரு பொருளின் மூலக்கூறுகள் அப்பொருளை விட்டுப் பிரிந்து, காற்றிலே கலந்து, மூக்கினுள் மேற்புறத்தேயுள்ள நரம்பு முனைகளைத் தொட்டால் மட்டுமே நாம் மணத்தை உணர்கின்றோம். சீனியின் மூலக்கூறு சற்றுப் பெரியது. தன் இனத்தை இறுகப் பற்றிக்கொண்டு நிற்பது. ஆதலின் சாதாரண வெப்பத்தில் அது பறப்பதில்லை. ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் வெப்பத்தைத் தாண்டும்போது அது உடையத் தொடங்குகின்றது. உடைந்து பிறக்கும் புதுப்பொருள்கள் பல. அவற்றுட் சில சிறியவை, எளிதிற் பறக்க வல்லவை. பாகு பொன்னிறமாகும்போது நாம் முகர்வது இவற்றையே. சீனி அப்பொழுதும் மணப்பதில்லை. அவ்வாறாயின் அம்மணத்தை இனிப்பான மணம் என்று நாம் ஏன் கூறுகின்றோம்? பிள்ளைப் பருவம் முதல் அம்மணமும் அச்சுவையும் ஒன்றாகவே நம்மிடம் வந்தன. பலகாலம் கூடிவந்தமையால், மணம் வந்தவுடன் சுவையும் வந்துவிட்டதாக மனம் கொள்ளுகின்றது.

மனத்தின் இப்பழக்கத்தை அடிப்படையாகக் கொண்டு எழுந்த வாசனைத் திரவிய வகை ஒன்று உண்டு. அதனைப் பிரெஞ்சு மொழியிற் கூர்மான் என்பர். சுவையான உணவை நாடி, விரும்பி உண்பவரைக் குறிக்கும் சொல் அது. மல்லிகை, ரோசா முதலிய மலர்களைத் தலைமையாகக் கொள்ளாது, வனிலா, பாகு, சொக்கலேற், தேன் முதலிய உண்பண்டங்களின் மணத்தைத் தலைமையாகக் கொண்ட திரவியங்களை இப்பெயரால் அழைப்பர். இவ்வகைக்கு முதலாவதாக எண்ணப்படுவது 1992ஆம் ஆண்டில் பரிஸ் நகரின் ஆடைக் கலைஞர் தியரி முக்லேர் வெளியிட்ட ஏஞ்சல் என்னும் திரவியம். அது எவ்வாறு மணக்கின்றது, தோலிலே பட்டபின் மணித்தியாலத்திற்கு மணித்தியாலம் எவ்வாறு மாறுகின்றது என்பதை நோக்குவோம்.

இதனை அறிவதால் நடைமுறைப் பயனும் உண்டு. நல்ல வாசனைத் திரவியம் விலையுயர்ந்த பொருள். சிலருக்கு அது பல நாட் சம்பளத்தின் பெறுமதி. கடையிலே ஒரு நிமிடம் முகர்ந்து, மகிழ்ந்து, பணத்தைக் கொடுத்து வாங்கிவந்து, ஒரு வாரத்தின் பின் அலுமாரியின் மூலையிலே வைத்துவிடுவோர் பலராவர். கடைக்காரர் ஏமாற்றினார் என்று அவர்கள் எண்ணலாம். கடைக்காரர் கொடுத்தது அதே பொருள்தான். ஆனால் முதல் நிமிடத்தில் முகர்ந்த மணம் வேறு, அணிந்தவரோடு நாள் முழுவதும் இருக்கும் மணம் வேறு. இவ்வேற்றுமை எதனால் நிகழ்கின்றது என்பது தெரிந்தால் ஏமாற்றம் குறையும்.

முதலிலே சிறிது வரலாற்றைப் பார்ப்போம். வாசனைப் பொருள் என்றவுடன் நம் முன்னோர் சந்தனம், அகில், புனுகு, சவ்வாது, மலர்கள் ஆகியவற்றையே நினைத்தனர். ஐரோப்பியரும் நெடுங்காலம் மலர், மரம், பிசின், விலங்குகளிடமிருந்து கிடைக்கும் பொருள்கள் ஆகியவற்றையே நம்பியிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இரசாயன அறிவு வளர்ந்தபோது நிலைமை மாறியது. தென் அமெரிக்காவின் தொன்கா விதையிலே கூமரின் என்ற பொருள் உண்டு. உலர்ந்த வைக்கோலையும் வாதுமைப் பருப்பையும் ஒருங்கே நினைவூட்டும் மணமுடையது அது. செயற்கைச் சாயத் தொழிலைத் தொடக்கிவைத்த ஆங்கிலேய அறிஞர் வில்லியம் பேர்க்கின் 1868இல் அதனை ஆய்வுகூடத்திலே உண்டாக்கினார். 1874இல் ஜெர்மானியரான தீமான், ஹார்மான் ஆகிய இருவரும் வனிலாவின் உயிர்ப்பொருளாகிய வனிலினை, ஊசியிலை மரச்சாற்றிற் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்து செய்து காட்டினர்.

இவ்விரு கண்டுபிடிப்புகளின் பயனை உணர்வதற்கு வனிலாக் கொடியின் அருமையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மெக்சிக்கோ நாட்டுக்குரிய அக்கொடியை வேற்று நாடுகளிலே நட்டபோது அது பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. 1841இல் இந்து சமுத்திரத்திலுள்ள ரியூனியன் தீவில், எட்மண்ட் அல்பியுஸ் என்னும் பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன், சிறு குச்சியொன்றினாற் பூவின் உட்சவ்வை விலக்கி, விரலால் அழுத்தி மகரந்தத்தைச் சேர்க்கும் முறையைக் கண்டறிந்தான். இன்றும் பூவொன்றிற்கு ஒருமுறையாகக் கையாலேயே அவ்வேலை நடைபெறுகின்றது. காயை மாதக்கணக்கில் வெதுப்பி, வியர்ப்பித்து, உலர்த்திப் பக்குவம் செய்தாலும், அதில் வனிலின் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே தேறும். அத்தகைய அரிய மணம் ஆய்வுகூடத்திலிருந்து மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் வாசனைக் கலைஞர் அதனைக் கைவிடுவரா?

1882இல் ஊபிகான் நிறுவனத்தின் ஃபூஜேர் ருவாயால் என்ற திரவியத்திற் கூமரின் இடம்பெற்றது. 1889இல் எமே கெர்லான் அமைத்த ஜிக்கியிற் கூமரினோடு வனிலினும் சேர்ந்தது. 1925இல் ஜாக் கெர்லான் வெளியிட்ட ஷாலிமார், வனிலினிலும் வலிமை மிக்க எதைல் வனிலினைத் தாராளமாகக் கையாண்டு புகழ்பெற்றது. எனினும் இவற்றிலெல்லாம் உணவின் மணம் பின்னணி இசைபோலவே நின்றது. எலுமிச்சை இனக் கனிகள், மலர்கள், பிசின்கள் ஆகியன முன்னே நிற்க, வனிலா பின்னே இருந்து இனிமை கூட்டியது. பலகாரக் கடையின் மணத்தையே முன்னிறுத்தி உடலிற் பூசலாம் என்று எவரும் பெருந்துணிவோடு கூறவில்லை.

அத்துணிவு 1992இல் வந்தது. ஸ்திராஸ்பூர் நகரிற் பிறந்த முக்லேர், தம் இளமையிற் கண்ட களியாட்டச் சந்தையின் மணங்களை ஒரு போத்தலில் அடக்க விரும்பினார். இராட்டினங்கள் சுழலும் இடத்திலே விற்கப்படும் பஞ்சு மிட்டாய், பாகு, சொக்கலேற் என்பன அவர் உள்ளத்தில் நின்ற மணங்கள். நம் கோயில் திருவிழாக்களிலே தும்பு முட்டாசு விற்பவரின் அருகில் நின்றவர்களுக்கு அவர் விரும்பியது இன்னதென விளங்கும். வாசனைத் தொழிலுக்குப் புகழ்பெற்ற கிறாஸ் நகரத்தவரான ஒலிவியே கிறெஸ்ப் என்னும் கலைஞர் அவ்விருப்பத்திற்கு உருக்கொடுத்தார்.

அவர் கையாண்ட முக்கியப் பொருள் எதைல் மால்டோல் என்பது. மால்டோல் என்ற பொருள் இயற்கையிலே உண்டு. வறுத்த தானியத்திலும், நன்கு வெந்த பாணின் மேற்றோலிலும், சில ஊசியிலை மரங்களின் பட்டையிலும் அது காணப்படுகின்றது. அதன் அமைப்பைச் சிறிது மாற்றி மனிதர் செய்துகொண்டதே எதைல் மால்டோல். வெண்ணிறப் பளிங்குத் தூளாக இருக்கும் இது, மால்டோலைப் பார்க்கிலும் நாலு முதல் ஆறு மடங்கு வலிமையுடையது. உணவுத் தொழிலில் மிட்டாய், பிஸ்கோத்து முதலியவற்றிற்கு மணமூட்ட இதனை வழங்கிவந்தனர். இதன் மணம் இளக்கிய சீனியின் மணம், பஞ்சு மிட்டாயின் மணம், முற்றிய கனியின் மணம் ஆகிய மூன்றும் கலந்தது எனலாம். இதனை வாசனைத் திரவியத்தில் ஒளிவுமறைவின்றித் தாராளமாகச் சேர்த்ததே ஏஞ்சலின் புதுமை.

இனிமேற்றான் நம் ஆராய்ச்சியின் முக்கிய பகுதி வருகின்றது. பஞ்சு மிட்டாயின் மணத்தை மட்டும் உடலிற் பூசிக்கொண்டால் என்னவாகும்? முதலிற் சிரிப்பு வரும். சற்று நேரத்தில் அலுப்பு வரும். ஒரு மணித்தியாலத்தில் தலை வலிக்கவும் கூடும். பாயாசத்தில் இனிப்பு மிகுந்தால் இரண்டாங் கரண்டி இறங்குவதில்லை. ஒரு கல் உப்பு விழுந்தால் அதே பாயாசம் இறங்கும். சொக்கலேற்றின் சுவைக்கும் கொக்கோவின் கசப்பே முதுகெலும்பு. இதனை நன்கறிந்த கிறெஸ்ப், மிட்டாய் மணத்திற்கு எதிர்நிற்கும் ஆற்றல் வாய்ந்த பொருளொன்றை அதே அளவு தாராளமாகச் சேர்த்தார். பச்சூலி என்பது அதன் பெயர்.

இப்பெயர் தமிழ்ச் செவிக்கு அயலானதாகத் தோன்றாது. ஆங்கில அகராதிகள் இச்சொல் தமிழிலிருந்து சென்றதாகவே குறிக்கின்றன. பச்சை, இலை என்னும் இரு சொற்களும் அதில் ஒலிப்பதாகப் பலர் விளக்கம் கூறுவர். துளசி இனத்தைச் சார்ந்த இச்செடி இன்று பெரும்பாலும் இந்தோனேசியாவிலே பயிராகின்றது. இலையைப் பறித்து உலர்த்தி, நீராவியினால் வடித்து எண்ணெய் எடுப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவிற்குச் சென்ற காஷ்மீரச் சால்வைகளின் மடிப்புகளிலே, பூச்சி அரியாதிருக்கும்பொருட்டு இவ்விலையை இட்டு அனுப்பினர். சால்வையோடு சென்ற மணம், சால்வையைப் போலவே ஐரோப்பியப் பெண்மணிகளின் விருப்பிற்கு உரியதாயிற்று. ஈரமண், பழைய மரப்பெட்டி, உலர்ந்த இலை, சிறிது கற்பூரம் ஆகியவற்றை ஒருங்கே நினைவூட்டும் மணம் அது. அதனுள்ளே கொக்கோவை ஒத்த கசப்பும் உண்டு. வனிலாவும் பாகும் அருகில் வந்தால் அக்கசப்பு சொக்கலேற்றாகவே தோன்றும். ஏஞ்சலை முகர்ந்தோர் சொக்கலேற் மணப்பதாகக் கூறுவதற்கு இக்கூட்டுறவு பெருங் காரணமாகும்.

ஆக, இத்திரவியத்தினுள் இரு பகைவர் ஒரே வீட்டில் வாழ்கின்றனர். ஒருவர் சந்தையிலே மிட்டாய் உண்ணும் குழந்தை. மற்றவர் பழைய பெட்டியறையிலே இருக்கும் முதியவர். ஒருவரை மற்றவர் அடக்கி வைத்திருப்பதால் இருவரையும் நாம் பொறுத்துக்கொள்ளுகின்றோம். பின்வந்த இனிப்பு மணத் திரவியங்கள் பலவற்றிலே குழந்தை மட்டும் இருந்தது. அவை சில நாளில் அலுத்துப்போயின. இனிப்பு மணம் அணியத்தக்கதாக வேண்டுமாயின் அதனருகே கசப்பொன்று நின்றாக வேண்டும் என்பதே ஏஞ்சலிலிருந்து நாம் அறியும் செய்தி.

இனி, தோலிலே நிகழ்வதைக் காண்போம். வாசனைத் திரவியம் என்பது பல மணப்பொருள்களை அற்ககோலிலே கரைத்த கரைசல். ஓ டி பர்ஃபம் எனப்படும் வகையில் மணப்பொருள் நூற்றுக்கு 15 முதல் 20 பங்கு வரை இருப்பது வழக்கம்; எஞ்சியது பெரும்பாலும் அற்ககோல். தோலிலே விசிறியவுடன் அற்ககோல் பறந்துவிடுகின்றது. அதன் பின்னர் ஒவ்வொரு மணப்பொருளும் தன் தன் இயல்பிற்கு ஏற்ற வேகத்திற் பறக்கத் தொடங்குகின்றது. தோடம்பழத் தோலின் மணத்திற்குக் காரணமான லிமொனீன் 176 பாகை செல்சியஸ் வெப்பத்திற் கொதிப்பது. வனிலின் கொதிப்பதற்கு 285 பாகை வேண்டும். தோலின் வெப்பத்தில் இரண்டும் கொதிப்பதில்லையெனினும், முன்னது விரைந்து பறக்கும், பின்னது தயங்கித் தயங்கிப் பறக்கும் என்பதற்கு இவ்வெண்கள் சான்றாகும். இதனாலேயே ஒரே துளி, காலையில் ஒரு மணமும் மாலையில் வேறொரு மணமும் தருகின்றது.

ஏஞ்சலை மணிக்கட்டில் ஒருமுறை விசிறிப் பார்ப்போம். முதற் சில நிமிடங்களில் தோன்றுவது குளிர்ச்சியும் கூர்மையும் உடைய மணம். பேர்கமொட் என்ற எலுமிச்சை இனக் கனியின் நெடி அதில் உண்டு. ஏள் கிறே எனப்படும் தேயிலைக்கு மணம் ஊட்டுவதும் அக்கனியே. அதனோடு செந்நிறச் சிறுகனிகளின் புளிப்பும் கலந்து, சிலருடைய மூக்கிற்கு உலோகத்தைப் போன்ற ஒரு கடுமையும் புலனாகும். இக்கட்டம் பலருக்குப் பிடிப்பதில்லை. இதனை மட்டும் முகர்ந்து முகஞ்சுளித்துச் சென்றவர்கள் பலர்.

கால் மணித்தியாலம் கழிந்தபின் கூர்மை மழுங்குகின்றது. பஞ்சு மிட்டாய் மேலெழுகின்றது. தேனின் தடிப்பும் கனிப்பாகின் செழுமையும் கூடுகின்றன. அறையினுள் நுழைபவர் தெளிவாக உணரும் கட்டம் இதுவே. ஆனால் இக்கட்டத்திலும் அடியிலே இருண்ட ஒன்று நடமாடுவதை ஊன்றி முகர்பவர் அறிவர். அதுவே பச்சூலி. ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் அது முன்னே வந்து, பாகைச் சொக்கலேற்றாக்குகின்றது. அதன் பின்னர், நாலைந்து மணித்தியாலம் கழிந்த நிலையில், சந்தையின் ஆரவாரம் அடங்குகின்றது. வனிலாவும் கூமரினும் பச்சூலியும் மட்டும் எஞ்சி, தோலோடு ஒட்டிய மென்மையான, சிறிது தூசு படிந்த, சிறிது கசந்த இனிமையாக நிலைக்கின்றன. இம்மணம் அன்று இரவு வரையும் பலரிடம் நின்றுவிடுவதுண்டு. ஆடையிற் பட்டால் மறுநாளும் அதற்கு மறுநாளும் இருக்கும். இதனை விரும்புவோரிற் பலர் விரும்புவது இந்த இறுதிக் கட்டத்தையே. கடையிலே ஒரு நிமிடம் நின்று முகர்பவருக்கோ இதனைக் காணும் வாய்ப்பே இல்லை.

தோலுக்குத் தோல் இவ்வொழுங்கு சிறிது வேறுபடும். எண்ணெய்ப் பசையுள்ள தோல் மணப்பொருளைப் பிடித்துவைத்து மெல்ல விடுகின்றது. வறண்ட தோலிலிருந்து அது விரைந்து போய்விடுகின்றது. வறண்ட தோலுடையவர் மணமற்ற களிம்பை முதலிற் பூசிக்கொண்டால் மணம் நீடிக்கும். கழுத்து, மணிக்கட்டு முதலிய இடங்களிற் குருதிக் குழாய்கள் மேலாக ஓடுவதால் வெப்பம் மிகுதி. அங்கே மணம் வலிமையாக எழும். கடையிலே தரப்படும் காகிதப் பட்டிக்கோ வெப்பமும் இல்லை, பசையும் இல்லை, வியர்வையும் இல்லை. அதில் எழும் மணம் தோலில் எழும் மணத்திற்கு ஓர் அறிமுகம் மட்டுமே.

காலநிலையையும் மறத்தலாகாது. இத்தகைய திரவியங்கள் ஐரோப்பாவின் குளிர்காலத்தில், தடித்த கம்பளி மேலாடையின் கீழ் நன்றாக விளங்குபவை. கொழும்பின் பகல் வெப்பத்தில் அதே அளவைப் பூசினால் மணப்பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக வராது முண்டியடித்துக்கொண்டு எழும். மிட்டாயின் மணம் திகட்டும். பச்சூலியின் மணம் கனக்கும். அங்கே மூன்று முறை விசிறுபவர் இங்கே ஒருமுறையோடு நிறுத்துதல் நன்று. அதனையும் பகலிலே தவிர்த்து, சூரியன் சாய்ந்தபின், காற்று வீசும் வேளையில் அணிந்தால் அதன் உண்மை இயல்பு வெளிப்படும்.

இங்கே மூக்கின் ஒரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். இடையறாது வரும் மணத்தை மூக்கு சிறிது நேரத்தில் கவனிக்காது விட்டுவிடும். புதிய மணம் வந்தால் அறிவிப்பதற்காகவே அது பழைய மணத்தை ஒதுக்குகின்றது. நம் வீட்டின் மணம் நமக்குத் தெரியாததும், விருந்தினருக்குத் தெரிவதும் இதனாலேதான். வாசனைத் திரவியம் அணிந்தவருக்கும் இது நேர்கின்றது. அரை மணித்தியாலத்தின் பின் மணம் போய்விட்டதென்று எண்ணி அவர் மீண்டும் விசிறுகின்றார். மீண்டும் தம் மூக்கு மறக்க, மீண்டும் விசிறுகின்றார். அருகில் இருப்பவருக்கோ மூன்றும் சேர்ந்து வருகின்றன. ஏஞ்சல் போன்ற வலிய திரவியத்தில் இத்தவறு பெருந் தொல்லையாகும். நிறைந்த பேருந்திலும், மூடிய அலுவலக அறையிலும், நோயாளியின் கட்டிலருகிலும் இருப்போர் எழுந்து செல்ல இயலாதவர்கள். இழைப்பு நோயுடையோர் சிலருக்கு வலிய வாசனை மூச்சுத் திணறலையே உண்டாக்கும். நம் மணத்தை நாம் அணிகின்றோம். அதனைச் சுவாசிப்போர் பிறர். எனவே அளவு போதுமா என்று அறிய விரும்புபவர் தம் மூக்கை நம்பாது, தம் வீட்டார் ஒருவரைக் கேட்டறிதல் வேண்டும்.

தோலின் நலனைப் பற்றியும் இரண்டொரு சொற்கள். கூமரின், லிமொனீன் முதலியன சிலருடைய தோலில் அரிப்பை உண்டாக்கக் கூடியவை. ஆதலின், குறித்த அளவிற்கு மேல் அவை இருந்தால் பெட்டியின்மீது பெயர் பொறிக்கப்பட வேண்டுமென்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் விதிக்கின்றது. பெயர்கள் மிகச் சிறிய எழுத்தில் இருப்பினும் ஒவ்வாமை உடையோர் அவற்றைப் படித்துப் பார்த்தல் தகும். பேர்கமொட் எண்ணெயில் இயற்கையாக உள்ள ஒரு பொருள் வெயில் பட்டவுடன் தோலைச் சுட்டுக் கருமைப்படுத்த வல்லது. இக்காலத்தில் அப்பொருளை நீக்கிய எண்ணெயையே பெரும்பாலும் வழங்குகின்றனர். ஆயினும் வெயிலில் நடக்கும்போது கழுத்திற் பூசாது ஆடையின் உட்புறத்தில் இடுதல் பாதுகாப்பானது. வெண்பட்டிலே மட்டும் இடவேண்டா, கறை விழக்கூடும்.

ஒரே மணத்தை ஒருவர் விரும்ப, மற்றொருவர் வெறுப்பது ஏன் என்று சிலர் வினவலாம். அதற்குரிய விடையின் ஒரு பகுதி மூக்கிலும் மறுபகுதி நினைவிலும் உண்டு. மனித மூக்கிலே மணத்தை ஏற்கும் வாங்கிகள் ஏறத்தாழ 400 வகையின. அவற்றை உண்டாக்கும் மரபணுக்களை அமெரிக்க அறிஞர்களான லிண்டா பக், றிச்சர்ட் அக்செல் ஆகிய இருவரும் 1991இல் கண்டறிந்து வெளியிட்டனர். 2004இல் அதற்காக நோபல் பரிசு பெற்றனர். இவ்வாங்கிகள் எல்லாரிடமும் ஒரே தன்மையாக அமைவதில்லை. ஒருவர் தெளிவாக உணரும் பொருளை மற்றொருவர் மங்கலாகவே உணரக்கூடும். மேலும், மணத்தின் செய்தி உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் மூளைப் பகுதிகளைக் குறுகிய வழியிற் சென்றடைகின்றது. ஆதலாற்றான் பெயர் நினைவிற்கு வருமுன்னரே மகிழ்ச்சியோ வெறுப்போ வந்துவிடுகின்றது.

நினைவு நாட்டிற்கு நாடு வேறுபடும் என்பதற்கு நம் கறுவாவே சான்று. ஐரோப்பியருக்கும் அமெரிக்கருக்கும் கறுவா என்றால் இனிப்பான வெதுப்புப் பண்டங்களின் நினைவு எழுகின்றது. ஆகவே அவர்கள் அதனை இனிப்பு மணம் என்கின்றனர். நமக்கோ இறைச்சிக் கறியும் தாளிதமும் அதே மணத்தில் எழுந்து வருகின்றன. அவ்வாறே, வனிலா சேர்த்த பலகாரங்களோடு வளர்ந்தவருக்கு ஏஞ்சல் தாயின் அடுக்களையாகலாம். பனங்கட்டியும் ஏலமும் மணக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு அது அந்நியமான ஒரு சந்தையாகத் தோன்றலாம். இருவரும் கூறுவது உண்மையே.

வெளிவந்த புதிதில் ஏஞ்சலையும் எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மலரையே எதிர்பார்த்தவருக்கு மிட்டாயின் மணம் புதுமையாக இருந்தது. திரவத்தின் நிறமும் பாகை நினைவூட்டும் பழுப்பாக அமையாமல் வானத்து நீலமாக இருந்தது. போத்தலோ நட்சத்திர வடிவினது. வெற்றுப் போத்தலை எறிந்துவிடாமல், கடைக்கு எடுத்துச் சென்று மீண்டும் நிரப்பிக்கொள்ளும் முறையும் தொடக்கத்திலிருந்தே ஏற்படுத்தப்பட்டது. மெல்ல மெல்ல விற்பனை வளர்ந்து, பிரான்சிலே பெரும் புகழ்பெற்ற திரவியங்களோடு போட்டியிடும் நிலையை அது எய்தியது. அதன் வழியிற் பல தோன்றின. 1997இல் அதிமதுரத்தை நினைவூட்டும் லொலிதா லெம்பிக்கா வந்தது. 2012இல் லங்கோம் நிறுவனம் வெளியிட்ட லா வீ ஏ பெல் என்ற திரவியத்தில், சீனிப்பாகில் வறுத்த பருப்பின் மணத்தோடு பச்சூலியும் சேர்ந்தது. முக்லேர் 2022இல் மறைந்தார். அவர் தொடக்கிவைத்த இனிப்பு மணம் இன்று விலையுயர்ந்த போத்தலிலிருந்து சாதாரணச் சவர்க்காரம் வரை பரவியிருக்கின்றது.

இவ்வகைத் திரவியம் ஒன்றை வாங்க எண்ணும் நேயர்கள் செய்யத்தக்கது எளிது. கடைக்குச் செல்லும் நாளில் வேறு வாசனை எதுவும் அணியாது செல்லுங்கள். காகிதப் பட்டியில் மூன்றுக்கு மேல் முகராதீர்கள், மூக்கு களைத்துவிடும். அவற்றுள் ஒன்றை மட்டும் மணிக்கட்டில் ஒருமுறை விசிறச் செய்யுங்கள். இரு கைகளையும் தேய்க்க வேண்டாம். பின்னர் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். கால் மணித்தியாலத்தில் ஒருமுறை, இரண்டு மணித்தியாலத்தில் ஒருமுறை, உறங்கப்போகுமுன் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். உறங்கப்போகுமுன் முகரும் மணமே நீங்கள் விலைகொடுத்து வாங்கப்போகும் பொருளின் பெரும்பகுதி. அது பிடித்திருந்தால் மறுநாட் சென்று வாங்கலாம். வாங்கிய போத்தலை வெயில் விழும் சாளரத்தருகே வையாது, ஒளி புகாத குளிர்ந்த இடத்தில், அதன் பெட்டியிலேயே வைத்தல் நன்று. ஒளியும் வெப்பமும் மணத்தைக் கெடுக்கும்.

இனிப்பு மணக்குமா என்று தொடக்கத்திலே கேட்டோம். சீனி மணப்பதில்லை. சீனியோடு கூடிவந்த மணங்களை நம் நினைவு இனிப்பாக்குகின்றது. அம்மணங்களைத் தோலிலே நாள் முழுவதும் தாங்கச் செய்வதோ, நம் மொழியின் சாயலை இன்னும் தன் பெயரில் வைத்திருக்கும் ஒரு கசப்பிலை. அடுத்தமுறை அடுப்பிலே பாகு காய்ச்சும்போது, அது கருகுவதற்குச் சற்று முன்னர், இனிப்போடு மெல்லிய கசப்பும் சேர்ந்து எழும் அந்தக் கணத்தில் ஒருமுறை மூச்சை இழுத்துப் பாருங்கள். ஏஞ்சலை அமைத்தவர் போத்தலில் அடைக்க முயன்றது எது என்பது அப்பொழுது தெளிவாகும்.